காட்பாடியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஃப்ரீமான்ட்டில் குடியிருக்கிறாள். அம்மாவை மூன்று தடவை அங்கே அனுப்பி, திரும்பவும் கூட்டி வந்திருக்கிறோம். அது தெரிந்த பிறகு காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள் யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் பண்ணிவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். விமான நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், நான் சொல்லும் மணிக்கணக்கை ஒரு உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை கிலோமீட்டர்?

நேர்கோட்டில் சுமார் 13,900 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 8,600-க்குச் சற்று மேல். விமானிகள் கணக்குப் போடும் கடல் மைலில் ஏறக்குறைய 7,500. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். அதனால்தான் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண்ணைப் பார்த்துக் குழம்புகிறோம். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம் இந்தப் பயணம்.

காட்பாடியிலிருந்தே பறக்க முடிந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. சுமார் 13,950 வரும், அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து என்றால் 13,990 பக்கம்.

அமெரிக்கா மேற்கே இருக்கிறதா, கிழக்கே இருக்கிறதா? விமானம் எந்தப் பக்கம் போகும்?

அம்மாவும் இதைத்தான் முதலில் கேட்டாள். சுவரில் மாட்டும் தட்டையான உலகப் படத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் உலக உருண்டையை எடுங்கள். சென்னையில் ஒரு நூலின் நுனியை வைத்து, மறுநுனியை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் கிழக்கும் போகாது, மேற்கும் போகாது, ஏறக்குறைய நேர் வடக்கே ஏறும். ஒடிசாவைக் கடந்து, நேபாளத்தில் எவரெஸ்ட் சிகரத்துக்கு மிகப் பக்கத்தில் போய், திபெத், சீனா, கிழக்கு சைபீரியா என்று ஏறிக்கொண்டே ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டும். அதற்குப் பிறகுதான் கீழே வளைந்து, பேரிங் நீரிணை வழியாக அலாஸ்காவுக்குள் நுழைந்து கலிபோர்னியாவில் இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய வழி இதுதான். இதைப் பெரு வட்டப் பாதை என்பார்கள். 13,900 என்ற எண் இந்தக் கோட்டின் நீளம்.

முடிந்தால் பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். நம் ஊரிலிருந்து நூலைப் பிடித்தால் அது எவரெஸ்ட் மேல் போகிறது என்பதை நான் முதலில் பார்த்த நாளில் எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

அப்படியானால் எவரெஸ்ட் மேலேயே பறந்து போவார்களா?

போக மாட்டார்கள். உயரம் ஒரு தடை இல்லை. விமானம் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, எவரெஸ்ட் 9 கிலோமீட்டர்கூட இல்லை. பிரச்சினை வேறு. பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால் தலைக்கு மேலிருந்து முகமூடி கீழே தொங்கும். அதில் வரும் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான். அதற்குள் விமானி 10,000 அடிக்கு, அதாவது 3 கிலோமீட்டர் உயரத்துக்கு, விமானத்தை இறக்கியாக வேண்டும். திபெத் பீடபூமியே சராசரியாக நாலரை கிலோமீட்டர் உயரம். அங்கே இறக்க இடமே கிடையாது. அதனால் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அப்புறம் அரசியல் இருக்கிறது. 2022-லிருந்து அமெரிக்க நிறுவனங்கள் ரஷ்ய வானத்தில் பறக்க முடிவதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. இப்படி எங்கேயாவது ஒரு கதவு மூடினாலும் பயணம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நீண்டுவிடும். போன வருடம் போய் வந்தவர் சொன்ன நேரமும் உங்கள் டிக்கெட்டில் இருக்கும் நேரமும் ஒன்றாக இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நேரடி விமானம் உண்டா?

சென்னையிலிருந்து கிடையாது. பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 2021 ஜனவரியில் ஏர் இந்தியா ஒரு நேரடி விமானத்தைத் தொடங்கியது. அதன் முதல் பயணம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு வட துருவத்தின் மேல் பறந்து, சுமார் 17 மணி நேரத்தில் பெங்களூரில் இறங்கியது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் இருந்த அனைவரும் பெண்கள். அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மாவுக்கு வந்த தைரியம், நான் பத்து தடவை சொல்லியும் வராத தைரியம்.

இவ்வளவு நீளமான நேரடிப் பாதைகளைச் சில காலம் நிறுத்துவார்கள், பிறகு மறுபடி தொடங்குவார்கள். டிக்கெட் போடும் நாளில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறினால் எந்த வழி குறைவு?

நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த வெளிநாட்டு ஊர்களில், தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹாங்காங். சென்னை–ஹாங்காங் சுமார் 3,700, அங்கிருந்து 11,100, மொத்தம் 14,800 கிலோமீட்டர். அடுத்தது துபாய். சென்னையிலிருந்து 2,930, அங்கிருந்து 13,040, கூட்டினால் 16,000-க்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூர் வழி 16,500 வரும். ஃப்ராங்க்ஃபர்ட், லண்டன் இரண்டும் 16,700, 16,800 என்று நிற்கும்.

துபாயிலிருந்து ஏறும் இரண்டாவது விமானத்தைக் கவனியுங்கள். மேற்கே போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் 13,040 கிலோமீட்டர் பாக்கி. சென்னையிலிருந்து நேராகப் போனால் ஆகும் தூரத்தில் 860 கிலோமீட்டர்தான் குறைந்திருக்கிறது. ஒரே இருக்கையில் 15, 16 மணி நேரம் உட்கார வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட், லண்டன் வழியில் மொத்தத் தூரம் கூடுதல், ஆனால் பயணம் ஏறக்குறைய பாதி பாதியாக உடைகிறது. பத்து மணி நேரம் பறந்து, இறங்கி, நடந்து, சாப்பிட்டு, மறுபடி ஒரு பதினோரு மணி நேரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கால் வலியோடு பதினாறு மணி நேரம் உட்காருவது என்னவென்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மிச்சமாகும் எண்ணூறு கிலோமீட்டர் அந்த வலிக்கு ஈடாகாது.

டிக்கெட்டில் அதிகாலை 3.30-க்குப் புறப்பட்டு அன்றைக்கே மதியம் 1.45-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. பத்து மணி நேரம்தானா?

இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். 3.30 நம் நேரம், 1.45 அவர்கள் நேரம். கோடையில் அவர்கள் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். டிக்கெட்டில் தெரியும் பத்தேகால் மணி நேரத்தோடு இந்தப் பன்னிரண்டரையைக் கூட்டுங்கள். மொத்தம் 22 மணி 45 நிமிடம். அதுதான் உங்கள் உடம்பு பயணம் செய்யும் நேரம்.

ஹாங்காங் வழியில் இன்னும் விசித்திரமாக இருக்கும். அங்கே மதியம் ஒரு மணிக்கு ஏறி பன்னிரண்டரை மணி நேரம் பறந்து இறங்கினால், சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை பத்தரை மணி. ஏறிய நேரத்துக்கு முன்னாலேயே இறங்கியது போல இருக்கும். பசிபிக் நடுவில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுவதால் வருவது இது. டிக்கெட்டில் தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைத்து எனக்கு இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

இங்கே இப்போது மணி இத்தனை என்றால் அங்கே எத்தனை?

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். மற்ற மாதங்களில் பதின்மூன்றரை. அவர்கள் கடிகாரத்தை வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றி வைப்பார்கள். நாம் மாற்றுவதில்லை.

கோடையில் ஒரு சுலப வழி: நம் மணியிலிருந்து அரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு, காலையை மாலையாகவும் மாலையைக் காலையாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே காலை 8 மணி என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 7.30. குளிர்காலத்தில் அரை மணிக்குப் பதில் ஒன்றரை மணி நேரத்தைக் கழியுங்கள்.

வரும்போது ஒரு நாள் காணாமல் போகிறதே?

போகும்போது கிடைத்த நேரத்தைத்தான் வரும்போது திருப்பிக் கொடுக்கிறோம். உதாரணமாக, செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு அங்கே ஏறினால் துபாய் வழியாக வியாழக்கிழமை விடியற்காலை 3.30 வாக்கில் சென்னையில் இறங்குவீர்கள். நடுவில் புதன்கிழமை முழுக்க வானத்திலும் துபாயிலும் போய்விடும். வீட்டில் விசேஷம், திதி, கோயில் வேண்டுதல் என்று தேதி பார்த்துத் திரும்புகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு மாமா தன் மாமியார் திதிக்கு முந்தைய நாள் வந்துவிடலாம் என்று டிக்கெட் போட்டு, திதி அன்றைக்கு விமானத்தில் இருந்தார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்று காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் இருக்கிறது. ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிரே வரும். போக பன்னிரண்டு மணி நேரம் ஆகும் அதே பாதை வர பதினாலு ஆகும். குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். துபாய் வழியில் விமானம் வடக்கே ஏறி இறங்குவதால் இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

காட்பாடியில் வீட்டைப் பூட்டியதிலிருந்து எத்தனை மணி நேரம்?

நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான். விமான நேரத்தை யாரும் சொல்லிவிடுவார்கள். வயதானவர்களுக்கு முக்கியம் வாசலிலிருந்து வாசல் வரையான நேரம்.

மேலே சொன்ன அதிகாலை 3.30 விமானத்தையே, செவ்வாய்க்கிழமை புறப்படுவதாக எடுத்துக்கொள்வோம். மீனம்பாக்கம் நம் ஊரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். வாலாஜா, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காரில் போனால் சாலை நன்றாக இருந்தால் இரண்டரை மணி நேரம். ஆனால் அந்தச் சாலையில் லாரி நெரிசலும் சாலை வேலையும் சேர்ந்துகொண்டால் மூன்றரைகூட ஆகும். மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதனால் திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு வண்டி ஏறுகிறோம் என்று வையுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, ஃப்ரீமான்ட் வீட்டுக்குப் போய்ச் சேர அங்கே செவ்வாய் மாலை 4.45. நம் ஊரில் அப்போது புதன் விடியற்காலை 5.15. மொத்தம் 33 மணி நேரத்துக்கு மேல்! இதில் வானத்தில் இருப்பது இருபது மணி நேரம்தான்.

ரயிலில் போகிறவர்களுக்கு காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து மெட்ரோவில் நேராக விமான நிலையம். சாமான் குறைவாக இருந்தால் அருமையான வழி. நள்ளிரவில் மெட்ரோ ஓடாது என்பதால் மாலை ரயிலிலேயே கிளம்பிவிடுங்கள். இரண்டு பெரிய பெட்டி, வயதான இரண்டு பேர் என்றால் கார்தான்.

தேதியிலும் ஜாக்கிரதை. 15-ஆம் தேதி அதிகாலை 1.30 விமானம் என்றால் 14-ஆம் தேதி மாலையே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். வருடத்துக்கு ஒருவராவது இதில் மாட்டிக்கொள்கிறார்கள். காலண்டரில் விமானத் தேதியை எழுதாமல், வீட்டிலிருந்து கிளம்பும் தேதியை எழுதி வட்டம் போடுங்கள்.

சென்னையா, பெங்களூரா?

ராணிப்பேட்டை, ஆற்காடு, அரக்கோணம், வேலூர்க்காரர்களுக்குச் சென்னை. வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், டிக்கெட் விலையையும் நேரத்தையும் பார்த்து முடிவு செய்யலாம். பெங்களூர் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஓசூர் தாண்டியதும் வந்துவிட்டோம் என்று நினைத்தால் அதன் பிறகுதான் நெரிசலே ஆரம்பம்.

அப்துல்லாபுரம் விமான நிலையம்?

அது சிறிய விமானங்களுக்கான ஓடுதளம். வெளிநாட்டு விமானம் அங்கிருந்து கிடையாது.

நடுவில் மாறும் ஊரில் எவ்வளவு நேரம் இருந்தால் நல்லது?

குறைந்தது மூன்று மணி நேரம். வீல்சேர் கேட்டிருப்பவர்களுக்கு நாலு.

அம்மாவின் முதல் பயணத்தில் நடுவில் ஒரு மணி இருபது நிமிடம்தான் இருந்தது. மொத்த நேரம் குறைவு, விலையும் குறைவு என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். சென்னையில் விமானம் ஐம்பது நிமிடம் தாமதம். அங்கே இறங்கியபோது வீல்சேர் தள்ள ஆள் வரவில்லை. அடுத்த விமானம் போய்விட்டது. பதினாலு மணி நேரம் அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பேச ஆள் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அக்கா அங்கே விமான நிலையத்தில் நின்று அழுதாள், நான் இங்கே. ஒரு தமிழ்ப் பெண் பார்த்துவிட்டுத் தன் போனைக் கொடுத்துப் பேச வைத்தாள். அந்தப் பெண் யாரென்று இன்றுவரை தெரியாது, ஆனால் எங்கள் வீட்டில் அவளை நினைக்காத நாள் குறைவு.

அதனால் காத்திருப்பு நேரம் கூடுதலாக இருக்கும் டிக்கெட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் நம் பொறுப்பு. பெட்டியும் பொதுவாக நேராகப் போய்ச் சேரும். ஆனால் அமெரிக்காவிலேயே வேறு ஊரில் இறங்கி மாறினால், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, மறுபடி போட வேண்டும். இதை இங்கேயே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது?

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டிக் கேளுங்கள். வேலூரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் போகக் கூடாது. குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்களுக்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் நீளும்போது அளவை அவர்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு நாங்கள் ஒரு பழைய கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்துக் கட்டிவிட்டோம். போய்ச் சேரும்வரை மாத்திரைக்கு அதுதான் கணக்கு என்று டாக்டரே சொன்னார். மருந்து, இன்சுலின், டாக்டர் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். கீழே போடும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம்.

முள்ளுக் கத்திரிக்காய் கொண்டுபோகலாமா?

இலவம்பாடிக் கத்திரிக்காயை மகளுக்குச் சமைத்துப் போட வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். சோதனையில் எடுத்துவிடுவார்கள், அதற்கு ஒரு மணி நேரமும் போகும். மற்ற எந்தத் தின்பண்டம் இருந்தாலும் கேட்கும்போது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் உடனே தூங்கலாமா?

மாலை ஐந்து மணிக்கு வீடு சேர்ந்தால், ஒரு குளியல் போட்டு, ரசம் சாதம் சாப்பிட்டு, எட்டரை ஒன்பது வரையாவது விழித்திருங்கள். நடு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும், நம் ஊரில் அப்போது மதியம் இரண்டரை. முதல் மூன்று நாலு நாள் அப்படித்தான். அந்த நேரத்தில் பயப்படாமல் எழுந்து உட்கார்ந்து இங்கே போன் போடுங்கள், நாங்கள் எல்லோரும் விழித்துத்தான் இருப்போம்.